பெற்றோல் விலையும் வெறும் சீற்றுகளும்

(எமது சங்கத்தின் தைப்பொங்கல் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை, சிறு திருத்தங்களுடன்)

 

சங்கத்துத் தம்பிமார் வீட்டுக்கு வந்து, "அண்ணை, பொங்கலுக்கு நீங்கள் ஒரு பத்து நிமிசம் பேசவேணும்" என்று கேட்டார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்கோ" என்றார்கள். தமிழின் பெருமையைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் பேச என்னைவிடப் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நான் இந்த நாட்டில் முப்பது வருடமாகக் கார் ஓடுகிறவன். ஆகவே எனக்குத் தெரிந்த பெற்றோலைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதேயுங்கோ. நாங்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் ஊர்ப் புதினம், பிறகு பிள்ளைகளின் படிப்பு, மூன்றாவதாக வருவது பெற்றோல் விலைதானே!

நான் 1992 இல் யேர்மனிக்கு வந்தேன். அந்த நேரம் அகதி விண்ணப்பம் போட்ட எங்களுக்கு, பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போவதற்கே அனுமதிக் கடிதம் வேண்டும். பக்கத்து நகரத்தில் இருக்கும் மச்சானைப் பார்க்கப் போவதென்றாலும் அலுவலகத்தில் போய் நிற்கவேண்டும். பிறகு விசா கிடைத்து, வேலை கிடைத்து, சாரதிப் பத்திரம் எடுத்து, 1996 இல் ஒரு பழைய ஒப்பல் கடெற் வாங்கினேன். அண்டைக்கு மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, போக ஒரு இடமும் இல்லாமலே இரண்டு மணித்தியாலம் அவுட்டோபானில் ஓடினோம். யாரிடமும் கேட்காமல் போகலாம் என்பதே பெரிய சந்தோசம். அப்போது பெற்றோல் லீற்றர் ஒன்றரை மார்க் அளவில் இருந்தது. விலையை நான் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிப் பார்க்க வைத்தது 2022 ஆம் ஆண்டு. அந்த வருடம் மாசி 24 ஆம் திகதி ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தன. மூன்று கிழமைக்குள் இங்கே பெற்றோல் லீற்றர் 2 யூரோ 20 சதத்தைத் தொட்டது. டீசல் 2 யூரோ 30 சதத்தையும் தாண்டியது. பழைய கணக்கில் சொன்னால் ஒரு லீற்றர் பெற்றோல் நாலு மார்க்குக்கு மேல். யுத்தம் என்றால் என்ன என்று தெரிந்த எங்களுக்கு, பெட்டியும் பிள்ளையுமாக றெயினால் இறங்கிய உக்ரேன் சனத்தைப் பார்க்க நெஞ்சு பதைத்தது. அவர்களுடைய துன்பத்துக்கு முன்னால் எங்கள் பெற்றோல் கவலை ஒரு கவலையே அல்ல. ஆனாலும் மாத முடிவில் கணக்குப் பார்க்கத்தானே வேண்டும்.

என்னுடைய கணக்கைச் சொல்கிறேன். நான் ஒரு தொழிற்சாலைச் சமையலறையில் வேலை செய்கிறேன். வீட்டிலிருந்து 35 கிலோமீற்றர், போகவர 70. காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் இல்லை. என் கார் 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றர் குடிக்கும். ஆக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 லீற்றர், 11 யூரோ. அந்தப் பங்குனி மாதம் யேர்மனியில் சட்டப்படியான ஆகக்குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 9 யூரோ 82 சதம். குறைந்த கூலிக்கு வேலை செய்கிற ஒருவர் அதே தூரம் ஓடினால், ஒவ்வொரு நாளும் முதல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காருக்காகத்தான் உழைக்கிறார். வீட்டுக்காக உழைக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

விலை ஏறினவுடன் எங்கள் சனம் என்ன செய்தது? முதலில் மலிவான இடம் தேடத் தொடங்கினோம். 2013 ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் பெற்றோல் நிலையங்கள் விலையை மாற்றினால் உடனே அரசாங்கப் பிரிவு ஒன்றுக்கு அறிவிக்கவேண்டும். அதனால் எந்த நிலையத்தில் என்ன விலை என்று கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். அந்த வருடம் காலையில் கூடின விலையும் பின்னேரத்தில் குறைந்த விலையுமாக இருந்தது. நானும் ஏழு மணிக்குப் பிறகு வரிசையில் நிற்கப் பழகினேன்.

ஒரு நாள் எட்டுக் கிலோமீற்றர் தள்ளி ஒரு நிலையத்தில் லீற்றருக்கு 3 சதம் குறைவு என்று பார்த்துவிட்டு ஓடினேன். 40 லீற்றர் அடித்தேன், லாபம் 1 யூரோ 20 சதம். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மகள் ஒரு கடதாசியை எடுத்தாள். "அப்பா, போகவர 16 கிலோமீற்றர். ஒரு லீற்றருக்கு மேல எரிச்சிருக்கிறீங்கள். ரண்டு யூரோவுக்கு மேல செலவழிச்சு ஒரு யூரோ இருவது சதம் மிச்சம் பிடிச்சிருக்கிறீங்கள்" என்றாள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அளக்காமல் போட்டது நான்.

அடுத்தது, ஓடுகிற முறை மாறியது. அவுட்டோபானில் 150 இல் பறந்தவர்கள் 110 இல் போகத் தொடங்கினார்கள். இது வெறும் மனத்திருப்தி அல்ல. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 100 இல் போகிற கார் 130 இல் போனால் காற்று ஏறக்குறைய 1.7 மடங்கு பலமாகத் தடுக்கும். சிவப்பு விளக்கைக் கண்டால் கியரை எடுக்காமல் காலை மட்டும் எடுத்து உருளவிட்டால், இப்போதைய கார்களில் எஞ்சினுக்குப் போகிற பெற்றோல் அந்த நேரம் வெட்டுப்படும். ரயரில் காற்றுக் குறைந்தால் செலவு கூடும். குளிர் எஞ்சின் முதல் சில கிலோமீற்றரில் கூடக் குடிக்கும். ஆகவே பாண் வாங்க 600 மீற்றர் காரில் போவதுதான் ஆகப் பெரிய வீண்செலவு. தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளை வரும்வரை எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இருப்பவர்களே, அது காசும் நட்டம், இந்த நாட்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

எங்கள் மாடிக்குக் கீழே ஒரு யேர்மன் கிழவர் இருக்கிறார். நாங்கள் விலையைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டு அவர் சிரித்தார். 1973 இல் அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்தபோது, ஒரு சில மாதத்தில் பீப்பாய் 3 டொலர் அளவில் இருந்தது 12 டொலர் அளவுக்கு ஏறியது. அந்தக் கார்த்திகை 25 ஆம் திகதியிலிருந்து நாலு ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் தனியார் கார் ஓடவே தடை. தான் தகப்பனோடு அவுட்டோபானின் நடுவில் நடந்து போனதாகச் சொன்னார். "அந்த ஞாயிறுகளில்தான் எங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது" என்றார். அந்தச் சொல் என் மனதில் நின்றது.

இனி நான் சொல்லப்போவது என் பிழை. இதில் வருகிற மாமியைக் கேட்டு, அவவின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

அந்தப் பங்குனியில் நானும் மனைவியும் மேசையில் இருந்து, எந்த ஓட்டத்தைக் குறைக்கலாம் என்று எழுதினோம். வேலைக்கு ஓடுவதைக் குறைக்க முடியாது. பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியை விட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்களைப் பார்க்கப் போவதைக் குறைத்தோம். சுகமில்லாதவர்களைப் பார்க்கப் போவதை, "ரெலிபோனில் கதைப்பம்" என்று விட்டோம். ஆனால் சித்திரை மாதம் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போகவர 480 கிலோமீற்றர் ஓடினோம். கணவன், மனைவி, பின்னுக்கு ஒரு பரிசுப் பெட்டி. போகாவிட்டால் என்ன நினைப்பார்கள்? வீடியோவில் எங்கள் முகம் இல்லாவிட்டால் குறையல்லவா?

எங்களுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு மாமி இருக்கிறா. எழுபத்தைந்து தாண்டிய தனி மனுசி. மகன் வேறு நாட்டில். கண்ணுக்குள் போடுகிற ஊசி ஒன்றுக்காக மாதம் ஒருக்கால் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரண்டு வருடமாக நான்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். சித்திரையில் மாமி ரெலிபோன் எடுக்கவில்லை. வைகாசியிலும் இல்லை. வேறு ஆரோ கூட்டிக்கொண்டு போகினம் ஆக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஒரு ஓட்டம் குறைந்தது என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் இருந்தது.

2022 ஆனி 1 இலிருந்து ஆவணி 31 வரை அரசாங்கம் பெற்றோல் வரியை லீற்றருக்கு 35 சதமளவில் குறைத்தது. அதே மூன்று மாதமும் 9 யூரோ ரிக்கற் விட்டது. மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுவதும் பஸ்ஸிலும் பிராந்திய றெயின்களிலும் போகலாம். ஆடி மாதம் ஒரு லீவு நாளில் நாங்கள் அந்த ரிக்கற்றோடு ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் புறப்பட்டோம். றெயின் நிலையத்தில் நிற்க இடமில்லை. அந்தச் சன நெரிசலுக்குள், ஒரு கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டினபடி, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து மாமி இறங்கி வந்தா.

"மாமி, என்ன தனிய? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"தம்பி, பெற்றோல் விக்கிற விலையில உங்களை எப்பிடிக் கேக்கிறது? இப்ப ஒன்பது யூரோ ரிக்கற் இருக்குத்தானே. நான் மெல்ல மெல்லப் போய் வருவன்."

"அப்ப சித்திரை, வைகாசி?"

"அந்த ரண்டு மாசமும் போகேல்லை. ஒண்டும் செய்யாதெண்டு நினைச்சன்."

ஒன்றும் செய்யாமல் விடவில்லை. அடுத்த முறை நானும் கூடப் போனேன். அந்தக் கண்ணின் பார்வை குறைந்துவிட்டது, போனது திரும்ப வராது, இனிக் குறையாமல்தான் பார்க்கலாம் என்று டொக்டர் சொன்னார். மாமிக்கு டொச்சு விளங்காது. அதைத் தமிழில் சொல்லவேண்டியவன் நான்.

ஆஸ்பத்திரிக்குப் போகவர 28 கிலோமீற்றர். இரண்டு லீற்றர் பெற்றோல். ஆகக் கூடின விலைக்கும் நாலரை யூரோ வராது. நான் மாமியிடம் ஒரு சதமும் கேட்டவன் அல்ல. ஆனால் பங்குனி மாதம் அவவை ஏற்றிக்கொண்டு போகும்போது, பெற்றோல் நிலையப் பலகையைக் காட்டி, "பாருங்கோ மாமி, ரண்டு யூரோ இருவது சதம்! கார் வைச்சிருக்கேலாது" என்று சொன்னேன். நான் சும்மா சொன்னேன். அவ அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்தா. கார் இல்லாதவர்களுக்கு முன்னால் பெற்றோல் விலையைப் பற்றிப் புலம்பினால் அவர்கள் இனி எங்களைக் கேட்கமாட்டார்கள் என்பதை, உறவுகளே, நான் இவ்வளவு விலை கொடுத்துப் படித்தேன். அந்த விலையைக் கொடுத்ததும் நான் அல்ல, மாமி.

அண்டைக்கு இரவு எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. 1990 ஆனியில் யுத்தம் திரும்பத் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை. உங்களில் கனபேருக்குத் தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெயில் எஞ்சின் குளிரில் பிடிக்காது. அதனால் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணை எரிக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிள், விறகுக்கும் சைக்கிள், நோயாளிக்கும் சைக்கிள்.

எங்கள் வீட்டில் கார் இல்லை. ஆனால் ஒரு சின்னப் போத்தலில் கால்வாசி பெற்றோல் அறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அம்மா அதை ஒருவரையும் தொட விடமாட்டா. ஒரு நாள் இரவு பக்கத்து வளவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி வந்தது. ஒழுங்கைக்குள் ஒரு மொறிஸ் மைனர் நின்றது, மண்ணெண்ணெயும் இருந்தது, ஸ்ரார்ட் பண்ணத்தான் பெற்றோல் இல்லை. அம்மா போத்தலைக் கொண்டு ஓடினா. அந்தக் காருக்குள் அந்தப் பிள்ளை, தாய், மாமியார், மருத்துவிச்சி, வழிக்கு லாந்தர் பிடிக்க இரண்டு பேர் என்று எத்தனை பேர் ஏறினார்களோ தெரியாது. வெறும் சீற் என்று ஒன்று அந்த நாளில் நான் கண்டதில்லை. இஞ்சை என் காரில் 50 லீற்றர் பெற்றோல் இருந்தது, நாலு சீற் வெறுமையாக இருந்தது, மூன்று தெரு தள்ளி இருந்த மனுசிக்கு இடம் இருக்கவில்லை.

அதே 2022 இல் ஊரிலும் நெருக்கடி வந்தது. வருடத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல் ஆனிக் கடைசியில் 470 ரூபா. நாட்கணக்கில் வரிசை. பிறகு கியூஆர் அட்டை முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். தம்பியிடம் ரெலிபோனில் கேட்டேன், என்ன செய்கிறாய் என்று. "என்ன அண்ணை, எங்களுக்கு இது புதுசே? சைக்கிளைத் துடைச்சு எடுத்தாச்சு. அயலுக்குள்ள மூண்டு பேருக்கு ஒரு மோட்டார் சைக்கிள்" என்றான்.

இனி, நாங்கள் என்ன செய்தோம், என்ன செய்யலாம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, வேலை. என் சமையலறைக்கு எங்கள் நகரத்திலிருந்தே நாலு பேர் நாலு காரில் வந்துகொண்டிருந்தோம். இரண்டு தமிழர், ஒரு துருக்கியர், ஒரு போலந்துக்காரர். இப்போது கிழமைக்கு ஒருவராக மாறி மாறி ஓடுகிறோம். ஒருவருக்குப் பெற்றோல் செலவு ஏறக்குறைய காற்பங்கு. இன்னொன்று, வருட வரிக்கணக்கில் வேலைக்குப் போகிற தூரத்துக்குக் கழிவு இருக்கிறதல்லவா? அது கார்க்காரருக்கு மட்டுமல்ல. மற்றவரின் காரில் கூடப் போகிறவரும் தன் தூரத்தைக் காட்டலாம். எங்கள் ஆக்களில் கனபேருக்கு இது தெரியாது.

இரண்டாவது, காசு. பெற்றோல் செலவைப் பங்கிடுவது தவறில்லை. கார் ஓடுகிற செலவுக்கு மேல் வாங்கினால்தான் அது ரக்ஸித் தொழில். அதற்கு அனுமதி வேண்டும். கூட வருகிறவர் விபத்தில் காயப்பட்டால் ஓடுகிற காரின் கட்டாயக் காப்புறுதி அவருக்கும் பொருந்தும். ஆகவே அந்தப் பயத்தில் ஒருவரையும் ஏற்றாமல் விடவேண்டாம்.

மூன்றாவது, றெயின். 2023 வைகாசியில் 49 யூரோவுக்குத் தொடங்கிய நாடு தழுவிய மாத ரிக்கற் 2025 தையில் 58 ஆகி, 2026 தையில் 63 ஆகிவிட்டது. ஏறினாலும் ஒரு இரண்டாவது காரின் வரியும் காப்புறுதியும் பெற்றோலும் சேர்ந்த செலவோடு பார்த்தால் குறைவுதான். எங்கள் வீட்டில் இரண்டாவது காரை விற்றுவிட்டோம். மனைவிக்கு முதல் இரண்டு மாதம் கோபம். இப்போது றெயினில் இருந்து கதைப்புத்தகம் வாசிக்கிறா.

நாலாவது, இதுதான் முக்கியம். சங்கத்தில் ஒரு கொப்பி வைப்போம். ஒரு பக்கத்தில் கார் உள்ளவர்கள் எந்த நாளில் எங்கே போகிறோம், எத்தனை சீற் வெறுமை என்று எழுதட்டும். மறு பக்கத்தில் டொக்டரிடம், கோயிலுக்கு, அலுவலகத்துக்குப் போகவேண்டிய முதியவர்கள் தங்கள் நாளை எழுதட்டும், அல்லது பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்களுக்குக் கொப்பி ஒரு உதவி. வாய் திறந்து கேட்கத் தேவையில்லை. தமிழ்ப் பள்ளி வாசலில் போன சனிக்கிழமை நான் எண்ணிப் பார்த்தேன். ஒரே தெருவிலிருந்து மூன்று கார், மூன்று காரிலும் ஒவ்வொரு பிள்ளை. தகப்பன்மார் மூவரும் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தது பெற்றோல் விலையைப் பற்றி!

நான் ஒருவரையும் குறை சொல்ல வரவில்லை. சாமத்திய வீட்டுக்குப் போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. போங்கோ, போகும்போது காரை நிரப்பிக்கொண்டு போங்கோ. செலவைக் குறைக்கப் பட்டியல் எழுதும்போது ஆக்களைப் பார்க்கப் போவதை முதலில் வெட்டாதேயுங்கோ. பெற்றோல் இன்னும் ஏறும், இறங்கும். அதை நாங்கள் நிறுத்த முடியாது. பின்சீற்றில் கிடக்கிற பையையும் குடையையும் தூக்கி வைத்துவிட்டு ஒருவருக்கு இடம் கொடுக்க எங்களால் முடியும்.

மாமி இப்போது ஒவ்வொரு மாதமும் போகிறா. நான் வேலையில் நிற்கிற நாளில் கொப்பி இல்லாமலே வேறு இரண்டு தம்பிமார் கூட்டிக்கொண்டு போகிறார்கள். காரில் ஏறினவுடன் அவ இப்போதும் முதலில் கேட்பது, "தம்பி, இண்டைக்குப் பெற்றோல் என்ன விலை?" என்றுதான். நாங்கள் மூவரும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்: "மலிவு மாமி, பெல்ற்றைப் போடுங்கோ."

வருகிற சித்திரைப் புத்தாண்டு அன்று அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தைத் தொடங்குவோம். முதல் பெயராக என் பெயரை எழுதுங்கோ. என் காரில் நாலு சீற்.